ஓரம் விட்டு வெட்டு

இது நடந்தது. எனக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

பேய் என்றால் ராத்திரிதான் வரும், நாய் ஊளையிடும், கரண்ட் போகும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எந்த நாயும் ஊளையிடவில்லை. கரண்டும் போகவில்லை. தலைக்கு மேல் டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கீழே கேன்டீனில் ஆட்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒரு டாக்டர். அதிலும், கண்ணால் பார்த்ததைத் தவிர ஒரு வரி கூடுதலாக எழுதக்கூடாத வேலை பார்க்கும் டாக்டர். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் மிச்சம் புரியும். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தால் சர்ஜன் அந்தக் குழாயை வெட்டி எடுப்பார். பிறகு இரைப்பையை மேலே இழுத்து, மிஞ்சின குழாயோடு இணைத்துத் தைப்பார். தைப்பதற்கு முன்னால், வெட்டின இடத்தின் மேல் ஓரத்திலிருந்து மோதிரம் மாதிரி ஒரு வளையத்தை நறுக்கி எனக்கு அனுப்ப வேண்டும். தியேட்டருக்கும் என் அறைக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் டிரேயை வைத்து மணியை அடிப்பார்கள். டிங்.

நாங்கள் அந்த வளையத்தை ஜெல்லில் புதைத்து, மெஷினில் உறையவைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். ஓரத்தில் புற்று செல் இருந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். இல்லை என்றால் தைக்கலாம். ஒரு தடவை பார்க்க இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் நெஞ்சைத் திறந்துபோட்டபடி ஒரு மனிதர் மேஜைமேல் கிடப்பார். இன்டர்காமில் நான் சொல்லும் ஒரு வார்த்தைக்காக எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். என் குரல் தியேட்டருக்குள் ஸ்பீக்கரில் கேட்கும்.

சீவித் தருபவர் என் டெக்னீஷியன். வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டரோடுதான் இருப்பார், அதனால் எங்களுக்கு அவர் பனிக்கரடி. அவரே போனை எடுத்து "பனிக்கரடி பேசறேன்" என்பார். கோபமே வராத மனிதர். கோபமெல்லாம் என் பங்குக்கு வந்துவிட்டது.

என் அறையின் இன்னொரு பக்கச் சுவருக்கு அப்பால் தையல் அறை. தியேட்டருக்கு வேண்டிய பச்சைத் துணி, கவுன் எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். தைத்தவர் டைலரம்மா. டாக்டர், நர்ஸ், காவல்காரர் எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். கழுத்தில் கத்தரிக்கோல் தொங்கும். ஆனால் நூலை மட்டும் பல்லால்தான் கடித்து அறுப்பார். நறுக்!

"பல்லு போயிடும்மா," என்று ஒருநாள் சொன்னேன்.

"போனா உன்கிட்ட கொண்டாறேன் கண்ணு, நீ சீவிப் பாரு," என்றார்.

அவருக்குத்தான் அந்த நோய் வந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார். சோறு இறங்காமல் பாதியாகிப் போயிருந்தார். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"உள்ள எவ்ளோ வெட்டணும்னு நீதான் சொல்லுவியாமே?"

"ஆமாம்மா."

"ஓரம் விட்டு வெட்டச் சொல்லு கண்ணு. ஓரம் விடாம வெட்டின துணி எத்தனை தையல் போட்டாலும் பிரிஞ்சுக்கும்."

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

சர்ஜன் பேர் பெற்ற மனிதர். கை அவ்வளவு வேகம். மின்னல் என்று கூப்பிட்டால் அவருக்கே உள்ளூர சந்தோஷம். ஆபரேஷன் அன்று சாயங்காலமே வெளியூருக்கு விமானம் பிடிக்க வேண்டும் அவர். அறுவையை எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்று பேச அழைத்திருந்தார்களாம்.

முதல் வளையம் வந்தது. பார்த்தேன். ஓரம் முழுக்கப் புற்று. "இன்னும் மேலே வெட்டுங்க சார்," என்றேன். மேலே என்றால் கழுத்தைத் திறக்க வேண்டும், இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். "சரி," என்றார். ஐந்தே நிமிஷத்தில் இரண்டாவது வளையம் வந்தது. சுத்தமாக இருந்தது. தைத்துவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் வெட்டி எடுத்த குழாய் என் மேஜைக்கு வந்தது. அது இரண்டு துண்டாக இருந்தது. கட்டிக்குக் கீழே, நோய் இல்லாத நல்ல பகுதியில், சரியாக ஒரு வளையம் அளவுக்குக் காணவில்லை. அவர் நோயாளியின் கழுத்திலிருந்து புதிதாக எதையும் வெட்டவில்லை. ஏற்கனவே எடுத்துப் போட்ட குழாயின் நல்ல பக்கத்திலிருந்து ஒரு வளையத்தை நறுக்கி என்னை ஏமாற்றியிருக்கிறார்.

"கை தவறிப் பட்டிருக்கும். ஓரம் ஓரம்னு உயிரை வாங்காதீங்க," என்றார், திரும்பி வந்ததும்.

நான் சும்மா இருக்கவில்லை. டைலரம்மாவின் மகளிடம் சொன்னேன். மறுபடி திறக்க அந்தம்மாவின் உடம்பில் தெம்பு இல்லை. மேலே புகார் கொடுத்தேன். விசாரணை என்று மூன்று பேர் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். தையல் போட்ட அதே இடத்தில் புற்று திரும்ப வந்தது. கடைசியில் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. குரலும் போய்விட்டது. வெறும் காற்றாகத்தான் பேசுவாராம்.

"சாகறதுக்கு முந்தின நாள் என்னைக் கிட்ட கூப்பிட்டாங்க," என்று மகள் சொன்னாள். "எனக்கு விட வேண்டிய ஓரத்தை அவன் கழுத்துலேர்ந்தே எடுத்துக்குவேன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை."

தையல் அறையைப் பூட்டினார்கள். புது ஆள் போடவில்லை. துணியெல்லாம் வெளியிலிருந்து தைத்து வந்தது.

இரண்டு வருஷம் போனது. ஒரு காலை என் கதவைத் தட்டிக்கொண்டு மின்னல் வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு வாய்த் தண்ணீரைக்கூட மூன்று தடவையாகத் திணறித்தான் விழுங்கினார். நான் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே நோய். அதே இடம்.

ஒளித்து என்ன ஆகப்போகிறது? எனக்குள் ஒரு குரூர சந்தோஷம் குபுக்கென்று வந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

"நம்ம சின்ன டாக்டர்தான் பண்ணப் போறார்," என்றார். "நான் பழக்கின கை. ஓரம் சுத்தமா வர்ற வரைக்கும் வெட்டச் சொல்லியிருக்கேன். குரல்வளை போனாலும் பரவாயில்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க... ரெண்டு தடவை பாத்துச் சொல்லுங்க."

"அந்தம்மாவுக்கு நான் ஒரு தடவை சொன்னதே உங்க காதுல ஏறலையே சார்."

"பழசைக் கிளறாதீங்க," என்றார். போகும்போது வாசலில் நின்றார். "பக்கத்து ரூம்ல யாராவது வேலை செய்யறாங்களா?"

"அது பூட்டிக் கிடக்கு."

"ஏதோ சத்தம் கேட்டுச்சு," என்றபடி போய்விட்டார்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். எங்களுக்கு வேறு கேஸ் எதுவும் இல்லை. பனிக்கரடி புது பிளேடு மாட்டி, சாயமெல்லாம் புதிதாக ஊற்றி வைத்திருந்தார்.

பதினொன்று நாற்பது.

டிங்.

முதல் வளையம். அடையாளத்துக்குக் கறுப்பு நூல் முடிச்சு போட்டிருந்தது. வழக்கம்தான். சீவினோம். பார்த்தேன். ஓரத்தில் புற்று செல்கள் இருந்தன. எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம், ஏனென்றால் ஸ்கேனில் கட்டி அவ்வளவு மேலே இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்ல வேண்டும்?

"மேல் ஓரத்துல இருக்கு டாக்டர். இன்னும் வெட்டணும்."

"சரி மேடம்," என்றார் சின்ன டாக்டர். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். ரொம்ப மரியாதையான பையன். என்னிடம் அதிர்ந்து பேச மாட்டார்.

இந்தத் தடவை கழுத்தைத் திறந்தார்கள். அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன்.

டக டக டக டக...

நிற்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

டக டக டக...

"அண்ணே, மெஷின் கம்ப்ரசர் உதறுதா?"

பனிக்கரடி காதை வைத்துப் பார்த்தார். "இது நல்லாத்தான் ஓடுது மேடம்," என்றார்.

ஒன்று பத்து.

டிங்.

இரண்டாவது வளையம். டிரேயை எடுத்த பனிக்கரடி அப்படியே நின்றுவிட்டார். "மேடம், இதைப் பாருங்க."

அடையாளத்துக்குப் போட்ட நூல் பச்சையாக இருந்தது. பச்சை நூலில் யாரும் முடிச்சு போடுவதில்லை. கவுனிலிருந்து பிரிந்த நூல் ஒட்டிக்கொண்டதோ என்று இடுக்கியால் இழுத்தேன். வரவில்லை. தைத்திருந்தது. நுனி கத்தரியால் வெட்டினதுபோல இல்லை, பிசிறு பிசிறாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

சீவினோம். பார்த்தேன்.

மறுபடியும் புற்று. முதல் வளையத்தில் பார்த்த அதே செல்கள், அதே வரிசையில்.

இன்டர்காமில் சொன்னேன்.

"இதுக்கு மேல குரல்வளைதான் மேடம். நல்லா பாத்துச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

ஸ்லைடை மறுபடி வைத்தேன். பெரிதாக்கினேன். ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன்.

பெண்ணின் செல்லில், நடுவே இருக்கும் கருவின் ஓரத்தில் ஒட்டினாற்போல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். எல்லாவற்றிலும் தெரியாது, நூற்றில் கொஞ்சத்தில் தெரியும். ஆணின் செல்லில் அது இருக்காது.

இங்கே இருந்தது.

ஒவ்வொரு செல்லிலும் இருந்தது.

மேஜைமேல் கிடப்பவரோ ஆண். ஆனாலும் காரணம் தேடினேன். சில சமயம் வேறொருவரின் சதைத் துணுக்கு பிளேடில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் ஸ்லைடில் ஏறிவிடும். எங்கள் வேலையில் எல்லோரும் பயப்படும் தப்பு அது.

"அண்ணே, பழைய துணுக்கு ஏதாவது ஏறியிருக்குமா?"

"எப்படி மேடம்? இன்னிக்கு இது ஒண்ணுதானே? நேத்தும் ஒண்ணும் வரலையே."

பிளேடை மாற்றினோம். மெஷினை அணைத்துத் துடைத்தோம். சாயத்தைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினோம்.

மெஷின் அணைந்திருந்தது.

டக டக டக டக...

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சத்தம் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது.

பனிக்கரடி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பூட்டு அப்படியே இருக்கு மேடம். தூசிகூடக் கலையலை," என்றார். ஸ்வெட்டருக்குள் அவருக்கு வியர்த்திருந்தது.

"வெறும் ஜெல்லை உறைய வையுங்க," என்றேன்.

"சதை வேண்டாமா?"

"வேண்டாம். வெறும் ஜெல். அதைச் சீவிக் குடுங்க."

வெறும் ஜெல்லில் எதுவும் தெரியக்கூடாது. தண்ணீரை உறையவைத்துச் சீவினதுபோலத்தான். ஸ்லைடை வைத்தேன். குனிந்தேன்.

வரிசையாக நின்றன.

செல்கள்.

நேர்கோட்டில்... ஒன்றன்பின் ஒன்றாக... தையல் போட்டது மாதிரி.

ஒவ்வொன்றிலும் அந்தப் புள்ளி.

பனிக்கரடியைப் பார்க்கச் சொல்லி நகர்ந்தேன். குனிந்தவர், "ஐயோ," என்று பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. அது ஊருக்கே தெரியும். ஆனால் மேஜைமேல் கழுத்தைத் திறந்துபோட்டுக் கிடக்கும் ஆளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

இன்டர்காமை எடுத்தேன். "வெட்டாதீங்க டாக்டர்! என் மெஷின்ல ஏதோ கோளாறு. இந்த ரெண்டு ரிசல்ட்டையும் நம்பாதீங்க. இதோட நிறுத்தித் தைச்சிடுங்க."

கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு, "சரி மேடம்," என்றார்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

சுவருக்கு அப்பால் சத்தம் நின்றிருந்தது.

பனிக்கரடி டீ வாங்கி வந்தார். குடிக்கவில்லை. இந்நேரம் தைத்து முடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று இருபது.

டிங்.

"எதுக்கு மணி அடிக்கிறாங்க?" என்றார் பனிக்கரடி.

நான்தான் போய் ஜன்னலைத் திறந்தேன்.

டிரேயில்...

குரல்வளை.

முழுசாக இருந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இன்டர்காமை அழுத்தினேன். செத்துக் கிடந்தது. தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். இப்போது யாரும் உள்ளே வரக்கூடாது, டாக்டர் கழுத்தில் வேலையாக இருக்கிறார் என்று நர்ஸ் தடுத்துவிட்டாள். ஓரத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்றாள். திரும்பி வந்தேன். சீவினோம். பார்த்தேன்.

சுத்தமாக இருந்தது. புள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை. மருந்துக்குக்கூட ஒரு கெட்ட செல் இல்லை.

மிச்சத்தை எப்போதும் மெழுகில் பதித்து மறுபடி பார்ப்போம். அதற்குச் சில நாள் ஆகும். அந்த முடிவும் வந்தது. இரண்டு வளையங்களையும் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டும் சுத்தம். முதல் வளையத்திலேயே சுத்தம்தான். கழுத்தைத் திறந்திருக்கவே வேண்டாம். குரல்வளை பச்சைக் குழந்தையுடையது மாதிரி நோயே இல்லாமல் இருந்தது. பச்சை நூலைத் தேடினேன், கறுப்பு நூல்தான் இருந்தது.

வெறும் ஜெல்லைச் சீவின ஸ்லைடில் மட்டும் அந்தச் செல்கள் அப்படியே இருந்தன. அதையும், டைலரம்மாவின் பழைய மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு சீவலையும், பேர் போடாமல் மரபணு சோதனைக்கு அனுப்பினேன். இரண்டும் ஒரே ஆளுடையது என்று பதில் வந்தது.

தையல் அறையையும் திறக்க வைத்தேன். தையல் மெஷின் உறை போட்டபடி இருந்தது. உறையை எடுத்தால், சக்கரத்தில் பெல்ட்டே இல்லை. பூட்டும்போதே கழற்றி எடுத்துவிட்டார்களாம்.

மின்னல் பிழைத்துக்கொண்டார். கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு விடுகிறார். வாயசைத்தால் வெறும் காற்றுதான் வருகிறது. பார்க்கப் போயிருந்தேன். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. அன்றைக்கு வெட்டுங்கள் என்றேன், அவர் வெட்டவில்லை. இன்றைக்கு வெட்டாதீர்கள் என்றேன், வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஏன் வெட்டினார்கள் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. சின்ன டாக்டர் என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போனார். கடைசியில் ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

"நிறுத்துங்கன்னு சொன்னேனே டாக்டர். ஏன் வெட்டினீங்க?"

அவர் முகம் மாறியது. "மேடம், நீங்க நிறுத்தச் சொல்லலையே. ஸ்பீக்கர்ல எல்லாருமே கேட்டோம். நர்ஸைக் கேளுங்க, மயக்க டாக்டரைக் கேளுங்க."

"என்ன கேட்டீங்க?"

"உங்க குரல் கொஞ்சம் கம்மியிருந்துச்சு. பின்னாடி டக டகன்னு ஏதோ ஓடிட்டிருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, ஏன்னா நீங்க என்னை டாக்டர்னுதானே கூப்பிடுவீங்க..."

"நான் எப்படிக் கூப்பிட்டேன்?"

"'இன்னும் இருக்கு. ஓரம் விட்டு வெட்டு கண்ணு'ன்னீங்க."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. நாங்கள் இருவரும் இறங்கவில்லை.

"நான் சரி மேடம்னு சொன்னேன்," என்றார் அவர். "அந்த டக டக சத்தம் நின்னுச்சு. அப்புறம் நூலைப் பல்லால கடிச்சு அறுத்த மாதிரி... நறுக்குனு ஒரு சத்தம். அதோட லைன் கட்டாயிடுச்சு."